நன்றி சொன்னால் நாடி பார்க்கும் சிஸ்டர்

என் டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழகியவர்களில் எல்லா ரகமும் உண்டு. கிளட்ச்சை மிதிக்காமலே கியரைப் பிடுங்கப் பார்த்தவர், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திச் செருப்புக் கடைக்குள் போய் நின்றவர், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர் என்று எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் இந்த சிஸ்டரைப் போல என் உயிரை வாங்கியவர் யாரும் இல்லை.

சிஸ்டர் என்றால் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவர் கண் ரோட்டில் நிற்காது, ரோட்டோரத்தில் நிற்கிற மனிதர்கள் மேல்தான் போகும். ஒருநாள் நல்லாப் போய்க்கொண்டிருந்த வண்டியைத் திடீரென்று ஓரங்கட்டினார். கண்ணாடியை இறக்கி, பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவரிடம், "ஐயா, மூச்சு வாங்குதா? உட்காருங்க முதல்ல," என்றார். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் ஹாரனில் எங்கள் பரம்பரையையே விசாரித்துக்கொண்டு போனார்கள்.

"உதட்டைப் பாருங்க மாஸ்டர், நீலம் பாரிச்சிருக்கு," என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

அந்த ஆள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். பாதி தின்ற நீல நிறக் குச்சி ஐஸ்.

"சிஸ்டர், நீங்க வண்டி ஓட்ட வந்தீங்களா, ரவுண்ட்ஸ் வந்தீங்களா?" என்று கத்தினேன்.

"ஐஸா இருந்தா நல்லதுதானே மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு, இண்டிகேட்டர் போடுவதற்குப் பதில் வைப்பரைப் போட்டார். மழையும் இல்லை, மண்ணும் இல்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் மட்டும் கரகரவென்று ஓடியது. தினமும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது.

இத்தனை கத்துகிறேனே தவிர, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழகும் வண்டியில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன், வண்டி நிற்கும். அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கிற கால் இன்றைக்கு என் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதில் இந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

காலில் என்ன ஆயிற்று என்றால், பழைய நம்பர் பிளேட்டு ஒன்று கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டேன். எனக்கு சுகர் வேறு. நாலு நாளில் கால் தூண் மாதிரி வீங்கி, தொட்டால் நெருப்பாய்க் கொதித்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "உள்ள சீழ் பரவுது. படுத்து, நரம்பு வழியா மருந்து ஏத்தணும். பாதியில ஓடிப் போனீங்கன்னா காலை எடுக்க வேண்டி வரலாம்," என்றார். பயந்தால் சிலர் அழுவார்கள், சிலர் ஊமையாகிவிடுவார்கள். நான் கத்துவேன். அந்த டாக்டரிடமும் கத்தினேன்.

வார்டில் போட்டார்கள். நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள், எனக்கு ஜன்னலோரம். தலைக்கு மேலே ஒரு ஃபேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகும். மருந்து வண்டிக்கு ஒரு சக்கரம் கோணல், வரும்போதே காதைக் கிழிக்கும். நான் ஃபேனைத் திட்டினேன், சக்கரத்தைத் திட்டினேன், சூடு இல்லாத சாப்பாட்டைத் திட்டினேன், ட்யூட்டி டாக்டர் என் நெஞ்சில் ஜில்லென்று ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் அதைப் பிடித்து இழுத்தேவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். "சிரிக்க வைக்காதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்," என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்க மாட்டாள். நான் வாயைத் திறந்தாலே ஸ்டூலில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்துக்கொள்வாள்.

இந்த சிஸ்டரை அங்கேதான் பார்த்தேன். ஆள் குள்ளம், நடை மட்டும் குதிரை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று எழுத, இன்னொன்று டாக்டர்கள் இரவல் வாங்கித் திருப்பித் தராமல் இருக்க. வேலைக்கு வந்ததும் கையில் ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு ஒவ்வொரு கட்டிலுக்கும் போவார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பிரஷர் மிஷின் இல்லை. தையல்காரரிடம், "இன்னிக்கு எனக்கு ஜாக்கெட் தைச்சுத் தர்றதா கனவு கண்டீங்களா?" என்பார். என்னிடம் வந்தால், "என்ன ஐயா, இன்னிக்கு யாரைத் திட்டினீங்க?" என்று கேட்பார். நான் பட்டியல் வாசிப்பேன். கேட்டுக்கொண்டு போய்விடுவார். வேலைவெட்டி இல்லாமல் வாயடிக்கிற அம்மா என்றுதான் நினைத்தேன்.

பிறகு வண்டி பழக வந்த காலத்தில் ஒருநாள் இதைக் கேட்டேன்.

"ஊசியோட போனா எல்லாரும் ஊசியைத்தான் பார்ப்பாங்க மாஸ்டர். வெறுங்கையா போனா என்னைப் பார்ப்பாங்க. முகம் எப்படி இருக்கு, மூச்சு எப்படி இருக்கு, நேத்து பேசின மாதிரி இன்னிக்குப் பேசுறாங்களான்னு அப்பதான் தெரியும். நீங்க திட்டினா சுத்தமா, கோர்வையா திட்டுவீங்க. அதுலயே உங்க மூளைக்கு ரத்தம் ஓடுதுன்னு தெரிஞ்சுக்குவேன்."

என் வாழ்நாளில் என் திட்டைப் பாராட்டிய ஒரே ஆள் இவர்தான்.

இவருடைய கதை மொத்தமும் எனக்கு அந்த வண்டியில்தான் கிடைத்தது, சிக்னலுக்குச் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக. சின்ன வயதில் போலீஸாக வேண்டும் என்று ஆசையாம். உயரம் பார்த்த இடத்தில் ஒரு விரல்கடை குறைந்துவிட்டது. குதிகாலை லேசாகத் தூக்கிப் பார்த்தாராம், அளந்தவர் காலைத் தட்டிவிட்டாராம். அழுதுகொண்டு வந்தவரிடம் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலையில் இருந்த சித்தி, "படுத்திருக்கிறவனுக்கு நீ குள்ளமா நெட்டையான்னு என்னடி தெரியும்? வா எங்கூட," என்று நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார். படிக்கும்போது, பேச்சைக் குறை, கையை ஓட்டு என்று வாங்காத திட்டு இல்லை. இவர் இரண்டையும் ஓட்டினார்.

வீட்டுக்காரர் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பண்ணுகிறவர். எதைப் பார்த்தாலும் கழற்றிவிடுவார், பிரஷர் மாத்திரை அட்டையை மட்டும் கழற்ற மாட்டார். மாமியார் தினமும் சரியாக ட்யூட்டி நேரத்தில் போன் போட்டு உப்பு டப்பா எங்கே என்று கேட்பாராம். டப்பா இருந்த இடத்தில்தான் இருக்கும். "உப்புக்காகப் போன் பண்ணல மாஸ்டர், அவங்களுக்குத் தனியா இருக்கப் பிடிக்கல. அதனால நானும் தினம் புதுசா சொல்ற மாதிரி சொல்லுவேன்," என்றார். மகள் காலேஜ் படிக்கிறாள். "அம்மா, என்னைப் பார்க்கிறதுன்னா அம்மா மாதிரிப் பாரு, நர்ஸ் மாதிரிப் பார்க்காதே," என்று சண்டை போடுவாளாம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் வீட்டுக்காரி ஃப்ளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கசந்தது. "இது காப்பியா, கஷாயமா?" என்று சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. மீதியைத் தையல்காரரும் என் வீட்டுக்காரியும் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சிஸ்டர் வழக்கம் போல வெறுங்கையோடு வந்திருக்கிறார். "என்ன ஐயா, இன்னிக்கு யாரைத் திட்டினீங்க?"

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேனாம். "யாரையும் இல்லம்மா. எல்லாரும் நல்லவங்க. ஃபேனு கூட நல்லாப் பாடுது. உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா," என்றேனாம். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேனாம்.

தையல்காரர் வாயைப் பிளந்தார். எதிர்க்கட்டில்காரர், "ஆஸ்பத்திரிக்கு வந்து மனுஷன் திருந்திட்டாரு," என்றார். வார்டுக்குப் பொறுப்பான ஹெட் சிஸ்டர், "அப்பாடா, இன்னிக்காவது காது பிழைச்சது," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எல்லாருக்கும் கொண்டாட்டம். இந்த சிஸ்டருக்கு மட்டும் முகம் மாறிவிட்டது என்று தையல்காரர் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து என் காலுக்குக் கட்டு மாற்றுகிற வண்டி வந்தது. கட்டுப் பிரித்தால் உயிர் போகிற வலி, அதனால் முன்னாடியே ஒரு வலி ஊசி போடுவது வழக்கம். ஊசி தட்டில் தயாராக இருந்தது. சிஸ்டர் தட்டை வாங்கி, ஜன்னல் திட்டில் எட்டத்தில் வைத்துவிட்டார்.

"என்னம்மா யோசிக்கிற?" என்றார் ஹெட் சிஸ்டர். "தூங்குறாரு. ஊசியைப் போடு, சட்டுபுட்டுன்னு கட்டை மாத்திடலாம். முழிச்சார்னா மறுபடி கச்சேரி ஆரம்பிச்சிடும்."

"இது தூக்கம் மாதிரி தெரியல அக்கா. இந்த ஊசி மூச்சை மந்தமாக்கும். இவருக்கு இப்பவே மூச்சு மெதுவாத்தான் போகுது. கொஞ்சம் இருங்க."

என் தோளைத் தட்டி, "ஐயா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். "வண்டியில," என்றேனாம். "யார் ஓட்டுறாங்க?" "யாராவது ஓட்டட்டும்மா, நல்லா இருக்கட்டும்." விரல் நுனியில் குத்தி சுகர் பார்த்தார், சரியாக இருந்தது. விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் பார்த்தார், கொஞ்சம் குறைந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தை வைத்து எண்ணினார். பிறகு ட்யூட்டி டாக்டருக்குப் போன் போட்டார்.

"சார், ஜன்னலோரக் கட்டில் ஐயா எனக்கு நன்றி சொன்னார்."

அந்தப் பக்கம் யாரிடமோ, இதைப் பிடி, என்று சொல்வது கேட்டது. பிறகு, "யாரு, என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்தாரே, அவரா?"

"அவரேதான் சார். ஃபேன் நல்லாப் பாடுதுன்னார். சுகர் சரியா இருக்கு. மூச்சு மெதுவா போகுது, ஆக்சிஜன் லேசா இறங்கியிருக்கு, எங்க இருக்கோம்னு தெரியல. வலி ஊசியை நான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"நிறுத்தியே வைங்க. வர்றேன்."

இதைப் பற்றியும் வண்டியில் கேட்டேன். ஏன் முதலில் நன்றியைச் சொன்னீர்கள், மூச்சைச் சொல்லியிருக்கலாமே என்று. "மூச்சுக் கணக்கு மட்டும் சொன்னா, அது அப்ப ஒண்ணும் பயப்படுற கணக்கு இல்ல மாஸ்டர். அவரு கீழ ஒரு அவசரக் கேஸுல இருந்தாரு. ஆனா அவருக்கு உங்களைத் தெரியும். நீங்க நன்றி சொன்னீங்கன்னா எழுந்து ஓடி வர்ற மாதிரி விஷயம்னு அவருக்குப் புரியும்." சின்னப் பையன் அந்த டாக்டர், நல்ல பையன். உண்மையிலேயே ஓடித்தான் வந்திருக்கிறார்.

வந்து கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கையைக் காலைத் தூக்கிப் பார்த்தார். காலில் இருந்த விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம், இல்லை மூளையில் ஏதாவது இருக்கலாம் என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேனுக்குத் தள்ளுவண்டி வரச் சொன்னார். வார்டே பரபரத்தது. தையல்காரர் கூட எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு சார், என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

என் வீட்டுக்காரி மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, "சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்ல?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு தடவை அதையே கேட்டாள்.

சிஸ்டர் அதைக் கவனித்தார். டாக்டர் என் பக்கத்தில் நிற்கிற தைரியத்தில், "அம்மா, ஒரு நிமிஷம் எங்கூட வாங்க," என்று படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கிற சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். மடித்த விரிப்புக் கட்டு ஒன்றில் அவளை உட்கார வைத்து, எதிரே தானும் இன்னொரு கட்டின் மேல் உட்கார்ந்தார். அங்கே நடந்ததை என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, நான் உங்களைத் திட்டக் கூப்பிடல. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார், பிரஷர் மாத்திரை போட மாட்டார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில ஒருநாள் பொடி பண்ணிக் காப்பியில போட்டுட்டேன். நான், இத்தனை படிச்சிட்டு. கண்டுபிடிச்சிட்டார். அப்புறம் ரொம்ப நாளைக்கு அவர் காப்பியை அவரேதான் போட்டுக்கிட்டார். நான் குடுத்தா தண்ணியைக் கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பார்."

என் வீட்டுக்காரி கைக்குட்டையில் போட்டிருந்த முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஐயாவுக்கு டாக்டர் மருந்து குடுக்கப் போறார். அவர் உடம்புல ஏற்கெனவே என்ன இருக்குன்னு தெரியாம குடுத்தா, மூச்சு நின்னு போகலாம். தெரிஞ்சா, பாதுகாப்பா பார்த்துக்கலாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா அம்மா?"

என்னவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மாத்திரை அட்டை, அவள் ராத்திரியில் போட்டுக்கொள்கிற தூக்க மாத்திரை. இரண்டு இடம் காலி.

"காலையில ரெண்டையும் காப்பியில போட்டேன். மத்தியானத்துக்கு ஒண்ணு வச்சிருந்தேன்." அதற்கப்புறம்தான் அழுகை வந்ததாம். "பெரிய சிஸ்டர் நேத்து சொன்னாங்க, இப்படியே கத்தினார்னா வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு. அனுப்பிட்டா அவர் கால் போயிடுமே. இவர் வாயை அடக்க எனக்கு வேற வழி தெரியல."

பாருங்கள், விஷயம் இவ்வளவுதான். ஹெட் சிஸ்டர் போகிற போக்கில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை. அவர் அப்போதே மறந்துவிட்டார். இவளுக்கு அது ராத்திரியெல்லாம் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியிருக்கிறது.

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்துறார்னு யாரையும் இங்கிருந்து அனுப்ப முடியாதும்மா. அது யார் சொன்னாலும் நடக்காது. நீங்க இப்ப சொன்னதுதான் பெரிய உதவி," என்று சொல்லிவிட்டு, அட்டையை வாங்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனார். டாக்டர் அட்டையைப் பார்த்து நீளமாய் ஒரு மூச்சு விட்டார். தள்ளுவண்டி திரும்பிப் போனது. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டி, பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊசி உள்ளே போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல இருந்திருக்க மாட்டேன் என்று டாக்டர் பிறகு என் முகத்துக்கு நேரே சொன்னார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரிக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் பின்னாலேயே அலைந்தாள். "உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க. காய்ச்சல் மயக்கம்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்ல மாட்டேன்மா. அவர் உடம்புல போனது அவருக்குத் தெரியணும், அது அவர் உடம்பு. நாளைக்கு நான் சொல்ற எதையும் அவர் நம்பலன்னா நான் எப்படி வைத்தியம் பார்க்கிறது?"

"அப்ப நீங்களே சொல்லிடுங்க. நான் வெளிய நின்னுக்கிறேன்."

"நான் சொன்னா புகார் மாதிரி இருக்கும். நீங்க சொல்லுங்க. நான் உங்க பக்கத்துலயே நிக்கிறேன். ஒரு அடி நகர மாட்டேன்."

வெயில் தாழ்ந்து ஜன்னல் கம்பி நிழல் என் போர்வை மேல் விழுந்த நேரத்தில் எனக்கு விழிப்பு வந்தது. வாய் காய்ந்து கிடந்தது. மூக்கில் என்னவோ உறுத்தியது. "எவன்டா என் மூக்குல பைப்பைச் சொருகினது?" என்றேன்.

வார்டு முழுக்கச் சிரிப்பு. தையல்காரர் தையலை மறந்து கைதட்டினார். "வந்துட்டார்," என்றார் சிஸ்டர், ஏதோ தூர ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவனைப் பார்ப்பது போல.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரி கட்டிலருகே வந்து நின்றாள். சிஸ்டர் அவள் தோளை ஒட்டி நின்றார். அவள் சொன்னாள். நடுங்கிக்கொண்டே, ஆனால் முழுசாகச் சொன்னாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "மாத்திரை போட்டு என்னைக் கொல்லப் பார்த்தியா? கட்டின புருஷனுக்கா?" என்று எகிறினேன். ஃபேன் சத்தம் கூடக் கேட்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள், எப்போதும் பார்ப்பது போல.

"ஐயா," என்றார் சிஸ்டர். சத்தத்தை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "அவங்க செஞ்சது தப்பு. அதை நானும் சொல்லிட்டேன், டாக்டரும் சொல்லிட்டார். ஏன் செஞ்சாங்கன்னு நீங்க இன்னும் கேக்கல."

கேட்டேன். அவளும் சொன்னாள், ஹெட் சிஸ்டர் சொன்னதை, என் கால் போய்விடும் என்று பயந்ததை.

"என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே, கத்தாதேன்னு?"

"சொன்னா கேப்பீங்களா?" என்றாள். அவள் என்னை எதிர்க்கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. "கல்யாணமான நாள்ல இருந்து சொல்லணும்னுதான் இருக்கேன். நீங்க கடையில கத்துவீங்க, பஸ்ஸுல கத்துவீங்க, நான் தரையைப் பார்ப்பேன். ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

எனக்குக் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்த மாதிரி இருந்தது. ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதித்திருக்கிறேன். என் பக்கத்தில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தவளுக்கு மிதிக்க ஒன்றும் இல்லாமல், கடைசியில் காப்பியில் மாத்திரை போட வேண்டி வந்திருக்கிறது. அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தையல்காரர் பார்க்கப் பார்க்க அழுதேன்.

"சரி," என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இனிமே நான் எகிறினா, காலால தரையைத் தட்டு. அதுதான் உன் பக்கத்து பிரேக்."

"நிப்பீங்களா?"

"பழகணும். ஒரே நாள்ல யாருக்கும் லைசென்ஸ் குடுக்கிறதில்ல."

அவள் சிரித்தாள். சிஸ்டர் அப்போதுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்.

மறுநாள் ஹெட் சிஸ்டர் என் வீட்டுக்காரியைத் தேடி வந்தார். "நான் விளையாட்டா சொன்னதும்மா. பயந்து போயிருக்கிறவங்ககிட்ட அப்படி விளையாடியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க திட்டுங்க, ஆனா சாப்பாட்டு நேரத்துல மட்டும் விட்டுடுங்க," என்றார். நல்ல மனுஷி. கட்டு மாற்றும்போது வலி ஊசி மறுபடி போட்டார்கள், டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். அப்படியும் வலித்தது, சக்கரத்தைத் திட்டினேன். "திட்டுங்க ஐயா, கேக்கவே சந்தோஷமா இருக்கு," என்றார் சிஸ்டர். கட்டிலுக்கு அடியில் டக் டக் என்று சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கால் பிழைத்தது. வீட்டுக்குப் போகிற அன்று என்னவள் ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்து நீட்டினாள். சிஸ்டர் வாங்கவில்லை. "இதை வாங்கினா அடுத்த கட்டில்காரர் வீட்டுல கடன் வாங்கியாவது வாங்கித் தரணும்னு நினைப்பாங்க. வேணாம்மா. ஒண்ணு பண்ணலாம். எங்க வீட்டுக்காரர் ஒரு பழைய காரை வாங்கி, கழட்டி, மாட்டி வச்சிருக்கார். கழட்டத் தெரிஞ்சவருக்கு ஓட்டத் தெரியல. நான் வந்து பழகிக்கிறேன், எல்லார்கிட்டயும் வாங்குற ஃபீஸை என்கிட்டயும் வாங்கிக்கோங்க."

அப்படித்தான் வந்து சேர்ந்தார், என் பிராணனை எடுக்க. "மாஸ்டர் நல்லாத்தான் கத்துக் குடுக்கிறார், எனக்குத்தான் ரோடுன்னா ஆளுங்க ஞாபகம் வந்துடுது," என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரிக்கு அவர் வருகிற நாள் என்றால் போதும், பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள். நான் கத்தினால் பின்னாலிருந்து டக் டக்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தின நாள் கடைசிப் பாடம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பெரிய ரவுண்டானா வரைக்கும், ஆபீஸ் விடுகிற நேரத்தில், அத்தனை நெரிசலில் சிஸ்டர் ஓட்டினார். இடையில் புகுந்த ஆட்டோவுக்கு வழி விட்டார், குறுக்கே ஓடிய நாய்க்கு நின்றார், யாருடைய உதட்டையும் பார்க்கவில்லை. என் கால் பிரேக்குக்கு மேலேயே நின்றது, ஒரு தடவை கூட மிதிக்கவில்லை. அந்தக் காலைக் குனிந்து பார்த்தேன். பின்னால் என்னவள் ஜன்னல் வழியே காற்று வாங்கிக்கொண்டு எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் இருக்கும்போது அவள் பாடியே கேட்டதில்லை.

"சிஸ்டர்," என்றேன் மெதுவாக. "உங்களுக்கு ரொம்ப நன்றி."

கிறீச்சென்று வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹாரன் கிழிந்தது. சிஸ்டரின் இரண்டு விரல் என் மணிக்கட்டில் இருந்தது, கண் என் முகத்தில்.

"மாஸ்டர், என்னைப் பாருங்க. இன்னிக்கு என்ன கிழமை? கையைத் தூக்குங்க. அம்மா, காலையில இவர் என்ன சாப்பிட்டார்?"

"காப்பிதான்," என்றாள் பின்னாலிருந்து என்னவள். "அவரே போட்டது. எனக்கும் சேர்த்து."

"ஏம்மா, நடுரோட்டுல வண்டியை நிறுத்துற, அறிவிருக்கா உனக்கு? லைசென்ஸா கேக்குது உனக்கு லைசென்ஸு, இந்த லட்சணத்துல நாளைக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

டக் டக்.

நிறுத்தினேன். சிஸ்டர் விரலை எடுத்தார். "நல்லாத்தான் இருக்கார்," என்று சொல்லி முதல் கியர் போட்டார். வண்டி நகர்ந்தது.

ஒரு சிக்னலைத் தாண்டினோம். "தெளிவாத்தான் சொன்னேன் சிஸ்டர்," என்றேன். "மாத்திரை இல்லாம."

"தெரியுது மாஸ்டர்," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட வேண்டிய இடம் வந்தது. அவர் வைப்பரைப் போட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று போய்ப் போய் வந்தது, வீடு வரைக்கும் நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை.